கண்ணாடி போட்டவர் ராஃப்டிங் போகலாமா?

நான்கு நாள் ராஃப்டிங்குக்கு, அதாவது வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் போகும் பயணத்துக்கு, ஜீன்ஸ் போதுமா, கண்ணாடியோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குத் தலைக்குப் பின்னால் இறுகும் பட்டை கட்டாயம். நான் கட்டாமல் போய் முதல் அலையிலேயே பறிகொடுத்தேன்; மிச்ச நாளெல்லாம் மலைகள் வெறும் பச்சைப் புகைதான்! மாற்றுக் கண்ணாடி ஒன்றும் இருக்கட்டும். இரவு உடையையும் தூக்கப்பையையும் நீர்புகாப் பையில் போட்டு, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று சுற்றாவது சுருட்டிப் பூட்டுங்கள். அப்புறம், படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து வாருங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறையிடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும்.