டுரியான் தோட்டம் மாநகரமா? வட்டாரப் பிரிப்பு பற்றிக் கேள்வி பதில்

புள்ளிவிவர வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவின் பினாங்கு மாநில ஊர்க்காரர்களே, வட்டாரப் பிரிப்பு, மானியம் பற்றிக் கேளுங்கள். கேட்பவரின் ஊர்ப் பெயர் முன்னால்.

பாலேக் புலாவ்: அண்ணே, எங்க பக்கம் டுரியான் தோட்டந்தான். வரி கட்டுறது மாநகர் மன்றத்துக்கு. நாங்க நகரமா, கம்பமா (கிராமமா)?

எந்தக் கோட்டைக் கேட்கிறீர்கள், தம்பி? 2015இல் பினாங்குத் தீவு மொத்தமும் மாநகரானது, டுரியான் மரம் உட்பட. அது நிர்வாகக் கோடு. புள்ளிவிவரத் துறைக்கு வேறு கணக்கு: அரசிதழில் அறிவித்த பகுதியும் அதை ஒட்டிக் கட்டடங்கள் நெருங்கிய இடமும் சேர்ந்து 10,000 பேர் இருந்தால் நகர்ப்புறம். ஒட்டிய இடத்தில் 60 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். இந்த ஒட்டுப் பகுதியை 1991இல்தான் சேர்த்தார்கள். அதனால் 1980 எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்து “கம்பம் காலி” என்று எழுதாதீர்கள். யாரும் வீடு மாறாமலே கம்பம் நகரமாகியிருக்கும்.

நிபோங் திபால்: எங்க நாடாளுமன்றத் தொகுதி வறுமைக் கணக்கு மாவட்டக் கணக்கோட ஒத்து வரலையே?

வராது. பினாங்கில் மாவட்டம் 5, நாடாளுமன்றத் தொகுதி 13. இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை.

பட்டர்வொர்த்: மாநிலத்துக்குத் தலைக்கு இவ்வளவுன்னு காசு வருதாமே?

ஆமாம், கூட்டரசு (மத்திய அரசு) தருகிறது: கூட்டரசு அரசமைப்பின் 109ஆம் விதி. மக்கள்தொகைக்கு ஒரு மானியம், சாலைக்குத் தனி. முதல் 100,000 பேருக்கு விகிதம் அதிகம், பிறகு இறங்கிவிடும். 17 லட்சத்துக்கு மேல் ஆள் இருக்கும் பினாங்கை விட சிறிய மாநிலமான பெர்லிசுக்குத் தலைக்குக் கூடுதலாக விழும்.

ஆயர் ஈத்தாம்: அநியாயம்! ஆள் கூடினா குப்பையும் கூடுதே?

பெர்லிசுக்கும் மந்திரி புசார் (முதலமைச்சர்), சட்டமன்றம் எல்லாம் உண்டு, ஐயா. ஆள் குறைவென்று பாதி சட்டமன்றமா நடத்துவது?

ஆயர் ஈத்தாம்: அதுக்கு நாங்க ஏன் கொடுக்கணும்?

அதைத் தேர்தலில் கேளுங்கள். கோடு போட்டுக் காசு வாங்கும் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வட்டாரத்தின் தலா உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் மேம்பாட்டு நிதி அதிகம். ஹங்கேரியில் புதாபெஸ்டின் வளத்தோடு சேர்த்து எண்ணியதால் சுற்றியுள்ள பெஸ்ட் மாவட்டமும் பணக்கார வட்டாரமாகத் தெரிந்தது. 2018 முதல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். 2021–27 நிதிச் சுற்றில் பெஸ்ட் பின்தங்கிய வட்டாரம்.

ஜெலுத்தோங்: சார், எங்க தொகுதியும் மாவட்டமும் ஒண்ணுதானே?

5. 13. மேலே பாருங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: அண்ணே, தொகுதி வறுமைக் கணக்கு…

மேலே!