நாஸ் பெட்டி வாங்கும் முன் டிவியைக் கேளுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். அப்பா எடுத்த மினிடிவி (கேமராவில் போடும் சின்ன வீடியோ கேசட்) டேப்புகள் நாற்பதையும் போன வருடம் கணினியில் ஏற்றிவிட்டோம். அதோடு பழைய கேம்கார்டர் பதிவுகள், போன் வீடியோக்கள், போட்டோக்கள், மகளின் அரங்கேற்றத்தை வீடியோகிராபர் 4கே-யில் எடுத்துக் கொடுத்தது, கொஞ்சம் சினிமாப் படங்கள் என்று மூன்று எக்ஸ்டெர்னல் டிஸ்கில் 3 டெராபைட் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து டிவியில் பார்க்க வேண்டும். ஈசூனில் இருக்கும் அம்மாவும் பார்க்க வேண்டும். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்காரர் நாலு டிஸ்க் போடும் பெரிய நாஸ் பெட்டியை (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) காட்டினார். கணவரின் நண்பரோ இருப்பதிலேயே மலிவானது போதும் என்கிறார். எதை வாங்குவது? பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளிருக்கும் பாதுகாப்பு அறை) வைக்கலாமா?

பதில்: இரண்டு பேரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் வீட்டு டிவி எதையெல்லாம் ஓட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பெட்டி என்பது பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு தம்ப் டிரைவை எடுத்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. மினிடிவியிலிருந்து ஏற்றியதில் ஒன்று, கேம்கார்டரில் ஒன்று, போனில் ஒன்று, அரங்கேற்றத்தில் ஒன்று, படங்களில் ஒன்று என்று ஐந்து கோப்புகளை அதில் போட்டு டிவியின் பின்னால் சொருகி ஒவ்வொன்றாக ஓட விடுங்கள். எது ஓடுகிறது, எதில் ‘இந்தக் கோப்பை இயக்க முடியாது’ என்று வருகிறது, எதில் படம் ஓடி சத்தம் மட்டும் வரவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அனுமானம் இது. போன் வீடியோ ஓடும். கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்பும் அநேகமாக ஓடும். மினிடிவியின் ஏவிஐ பெரும்பாலும் ஓடாது. படங்களில் டிடிஎஸ் என்ற ஒலி வகை இருந்தால் டிவியைப் பொறுத்தது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது, எல்ஜியும் 2020-ல் எடுத்து 2023-ல்தான் திருப்பிக் கொண்டுவந்தது. அரங்கேற்றம்தான் வம்பு பிடித்தது. அதற்குத் தனியாக வருகிறேன்.

டிவி தானாக ஓட்டக்கூடிய கோப்பு என்றால் நாஸ் பெட்டிக்கு வேலையே இல்லை. டிஸ்கிலிருந்து எடுத்து நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். இதை டைரக்ட் பிளே என்பார்கள். இதற்கு எவ்வளவு மலிவான பெட்டியும் போதும், கணவரின் நண்பர் அந்த அளவில் சரி. டிவிக்குப் புரியாத கோப்பு வந்தால்தான் பெட்டி அதை ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அது டிரான்ஸ்கோடிங். விருந்தாளி இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு மாவு அரைக்கிற கதை. பலமில்லாத கிரைண்டராக இருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை படம் நின்று, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாவை முதல் நாளே அரைத்து வைக்கலாமே? மினிடிவி டேப்புகளுக்கு அதைத்தான் சொல்வேன். ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி, நாற்பதும் சேர்ந்தால் 520 ஜிபி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே ஒரு முறை எச்.264 என்ற பரவலான வீடியோ வடிவத்துக்கு மாற்றிவிட்டால் அளவும் பல மடங்கு குறையும், எந்த டிவியிலும் ஓடும். மாற்றும்போது டிஇன்டர்லேஸ் அமைப்பைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் யாராவது கை அசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். மூலக் கோப்புகளை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். டேப்புகளையும் வெளியே போட வேண்டாம். ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேமரா வைக்கும் டிரை கேபினட் யார் வீட்டிலாவது இருந்தால் அதில் ஒரு மூலை கேளுங்கள்.

அரங்கேற்ற வீடியோவுக்கு வருவோம். பல வீடியோகிராபர்கள் கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே கொடுத்துவிடுவார்கள். 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 45 ஜிபி. அது பெரிய பிரச்சினை இல்லை. எச்.264-ல் 10 பிட், 4:2:2 என்று, அதாவது நிற விவரத்தை அதிகமாக வைத்து எடுத்திருந்தால்தான் சிக்கல். டிவிகள் அதை ஓட்டாது, நாஸ் பெட்டிகளில் வரும் சிப்புகளின் வீடியோப் பகுதியும் அதைக் கையாளாது. கடைக்காரர் காட்டிய பெரிய பெட்டியை வாங்கியிருந்தாலும் முதல் நாள் இந்த வீடியோவிடம்தான் தோற்றிருப்பீர்கள். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு மெசேஜ் போதும்: ‘அண்ணா, டிவியில் பார்க்க எச்.265, 4:2:0-வில் ஒரு காப்பி தர முடியுமா?’ இப்போதே கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவரிடம் மூலமே இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டியிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. அம்மா வீட்டு டிவி எப்படியோ, நாளைக்கு என்ன வடிவம் வருமோ என்பதற்காகக் கொஞ்சம் டிரான்ஸ்கோடிங் திறன் இருப்பது நல்லது. அதற்குப் பார்க்க வேண்டியது சிப். இன்டெல் சிப்புகளில் குவிக் சிங்க் என்று வீடியோவை மாற்றுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. யூகிரீன் டிஎக்ஸ்பி2800-ல் என்100, டெராமாஸ்டர் எஃப்2-424-ல் என்95, ஏசஸ்டோர் ஏஎஸ்5402டி-யில் என்5105 இருக்கின்றன. மூன்றும் இரண்டு டிஸ்க் பெட்டிகள், மூன்றும் உங்களுக்குப் போதும். சினாலஜியின் மலிவு மாடலான டிஎஸ்223ஜே-யில் இருப்பது ரியல்டெக் சிப், 1 ஜிபி நினைவகம். கோப்புகளைச் சேமித்து வைக்க நல்ல பெட்டி, டிவிக்கு வீடியோ அனுப்பும் மீடியா சர்வர் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். அதே நிறுவனத்தின் நாலு டிஸ்க் டிஎஸ்925+ பல மடங்கு விலை. அதில் இருக்கும் ஏஎம்டி சிப்பில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. ஆபீஸ் வேலைக்குப் பிரமாதம். உங்கள் தேவைக்கு அதைவிட விலை குறைந்த என்100 மேல். பெட்டியின் விலை ஏறினால் எல்லாத் திறனும் ஏறும் என்று நாம் நினைக்கிறோம், இந்தச் சந்தையில் அப்படியில்லை.

வீடியோக்களை வரிசைப்படுத்தி டிவிக்கு அனுப்பும் மென்பொருளுக்கு ஜெல்லிஃபின் என் தேர்வு. முழுக்க இலவசம். அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் பார்க்க அழகு, ஆனால் சிப்பின் டிரான்ஸ்கோடிங் திறனைப் பயன்படுத்தக் கட்டணச் சந்தா வேண்டும். வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்கும் 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து கட்டணம் வைத்துவிட்டார்கள். பெட்டியோடு வரும் நிறுவனத்தின் சொந்தச் செயலியை நம்பி வாங்காதீர்கள். சினாலஜி 2024 ஆகஸ்டில் தன் வீடியோ ஸ்டேஷனை ஒரே அப்டேட்டில் நிறுத்திவிட்டது.

ஜெல்லிஃபினில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாவின் வீடியோக்களைத் ‘திரைப்படங்கள்’ பகுதியில் சேர்த்தால், பெயர் ஒத்துப்போகிற ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடும். பாட்டியின் அறுபதாம் கல்யாணத்துக்குத் துப்பாக்கி பிடித்த ஹீரோ வந்து நிற்பார். வீட்டு வீடியோக்களுக்கென்று தனி வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரை ‘2001-11-14 தீபாவளி’ என்று தேதியில் தொடங்கினால் வரிசை தானாக அமையும்.

டிஸ்க் எவ்வளவு? இப்போது 3 டெராபைட், வருடத்துக்கு அரை டெராபைட் கூடும் என்று வைத்தாலும் ஐந்து வருடத்தில் ஆறைத் தாண்டாது. 8 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி ரெய்டு 1-ல் போடுங்கள். இரண்டிலும் ஒரே விஷயம் எழுதப்படும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். திரையில் 7.3 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், எண்ணும் முறைதான் வேறு. வாங்கும்போது, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் திருப்பி எழுதுவது மெதுவாகும், பழுதான டிஸ்கை மாற்றிப் புதியதில் எல்லாவற்றையும் எழுதும் நேரத்தில் படுத்தும். டபிள்யூடி தன் ரெட் வரிசையில் சில மாடல்களை இப்படிச் சொல்லாமல் விற்றது 2020-ல் பெரிய சர்ச்சையானது. இப்போது ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டுமே சிஎம்ஆர், 3 வருட உத்தரவாதம். இரண்டு டிஸ்கும் சேர்ந்து பெட்டியின் விலையைத் தொடும், தாண்டவும் செய்யும். நாலு டிஸ்க் பெட்டிக்குப் போகிற பணத்தை இங்கே போடுங்கள் என்பது அதனால்தான்.

ஆனால் ரெய்டு ஒரு பேக்கப் இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரட்டை ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்து, ஒரு வருடப் பொங்கல் போட்டோக்களை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்குகளும் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரே நொடியில் சேர்ந்து அழித்தன. பெட்டியின் மேல் விளக்கு பச்சையாக, அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

உங்களிடம் மூன்று எக்ஸ்டெர்னல் டிஸ்க் இருக்கிறதே, அவற்றை விற்காதீர்கள். படங்களை விட்டுவிடுங்கள், போனால் திரும்ப வாங்கலாம். அப்பாவின் டேப்புகள், போட்டோக்கள், அரங்கேற்றம் இவற்றை மட்டும் அவற்றில் காப்பி எடுத்து ஈசூனில் அம்மா வீட்டு அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கி வந்தால் பேக்கப் முடிந்தது.

பாம் ஷெல்டர் வேண்டாம். கெட்டியான கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை விழுங்கிவிடும். கேபிள் கொண்டுபோக அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடவும் முடியாது. கதவைச் சாத்தினால் உள்ளே காற்றோட்டம் குறைவு, 24 மணி நேரமும் ஓடுகிற டிஸ்குக்கு அந்தப் புழுக்கம் ஆகாது. வரவேற்பறையில் ரௌட்டருக்குப் பக்கத்தில், பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். படுக்கையறையில் வைத்தால் ராத்திரி டிஸ்க் கடகடவென்பது கேட்கும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் குறையும். பல்லி, எறும்பு தொல்லை உள்ள வீடென்றால் மாதம் ஒரு முறை பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள், சிரிக்காதீர்கள்.

பெட்டியை ரௌட்டரோடு கேபிளில்தான் இணைக்க வேண்டும். 1 கிகாபிட் போதும். 4கே புளூ-ரே பட டிஸ்கின் உச்ச வேகமே விநாடிக்கு 128 மெகாபிட்தான், 10 கிகாபிட் உங்கள் வீட்டில் சும்மா தூங்கும். டிவி பக்கம் மட்டும் ஒரு சூட்சுமம்: பல ஸ்மார்ட் டிவிகளின் கேபிள் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். பெரிய கோப்பு கேபிளில் தடுமாறினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள், அதுவே வேகமாக இருக்கலாம்.

மின்சாரம் சராசரி 20 வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 175 யூனிட். யூனிட் 30 காசு என்றால் 52, 53 வெள்ளி. இங்கே மின்வெட்டு அபூர்வம், ஆனால் ஹீட்டர் பழுதாகி வீட்டு மெயின் டிரிப் ஆவது அபூர்வமில்லை. சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் பெட்டி ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

அம்மா பார்ப்பதற்கு ரௌட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கச் சொல்லி யாராவது வீடியோ போட்டிருப்பார்கள், செய்யாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கியூநாப் பெட்டிகளுக்குள்ளும், அடுத்த மாதமே ஏசஸ்டோர் பெட்டிகளுக்குள்ளும் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த பெட்டிகள்தான் மாட்டின. டெயில்ஸ்கேல் என்ற தனியார் இணைப்புச் செயலியை உங்கள் நாஸிலும் அம்மா வீட்டிலும் போட்டால் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். டிவியில் நேரடியாக அது கிடைக்காவிட்டால் ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கி அதில் டெயில்ஸ்கேல், ஜெல்லிஃபின் இரண்டையும் போட்டுக் கொடுங்கள். ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டால், அப்புறம் அவரே தேடிப் பார்ப்பார்.

வாங்கும்போது உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாதம் உண்டா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பயன்படுத்திய சீகேட் டிஸ்குகளின் ஓடிய கணக்கை அழித்துப் புதியவை போல விற்றது வெளியே வந்தது. அதனால் கவரைப் பிரிக்கும் முன், கடையிலேயே நின்று டிஸ்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதம் என்றுவரை என்று பாருங்கள். இரண்டு டிஸ்குக்கும் பார்க்க வேண்டும்.