அந்த நாலாயிரத்தை இனிப் போடாதீர்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். எங்கள் டிவிஷனில் மூடிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவை, அதாவது தொழிலாளர் பிள்ளைகளைப் பார்க்கும் கட்டடத்தை, தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டு வாங்கி, பெற்றோர் சேர்ந்து ஒரு பராமரிப்பு நிலையம் நடத்துகிறோம். காலையில் ஆள்கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் காலை ஆறரைக்குப் பிள்ளைகளை விட்டுப் போவார்கள்; ஏழு மணிக்கு நாங்கள் பாடசாலைக்கு அனுப்புவோம். பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் திரும்பி வந்து மாலை ஐந்து மணி வரை இருப்பார்கள். மொத்தம் 22 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபாய். உயர்தரம் எழுதிய ஒரு பெண்ணை 25,000 ரூபாய் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். ஒழுங்காகப் பணம் கிடைப்பது 14 பிள்ளைகளுக்குத்தான். பொருளாளர் நான் என்பதால், சம்பளத்தில் குறையும் 4,000 ரூபாயை ஏழு மாதமாக என் சீட்டுக் காசிலிருந்து போட்டு வருகிறேன். தேநீர், பிஸ்கட்டுக்கு ஆகும் 5,000 ரூபாயை நானும் இன்னும் மூன்று பேரும் பகிர்ந்துகொள்கிறோம். பெற்றோர் முறை வைத்து உதவிக்கு வர வேண்டும் என்று முடிவெடுத்தோம். வருவதும் அதே மூன்று பேர்தான். பிந்தி வந்து பிள்ளையை எடுப்பவர்களுக்கு 100 ரூபாய் தண்டம் போடலாம் என்கிறார் தலைவர். இதற்கிடையில், பிள்ளைகளின் காசில் நான் டிவி வாங்கிவிட்டேன் என்று, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சு. விலகிவிடட்டுமா?
— ஒரு பொருளாளர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

டிவி கதையிலிருந்தே தொடங்குகிறேன். கணக்குக் காட்டாமல் நீங்கள் இப்போது விலகினால், அந்தக் கதை பீலியடியிலிருந்து கோவில் திருவிழா வரை போகும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் யாராவது ஒருவர் அந்த டிவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே இப்போதைக்கு விலக வேண்டாம். நிறுத்த வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதுவும் இந்த மாதமே: அந்த 4,000 ரூபாய்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன், நான் படிப்பித்துக்கொண்டிருந்த தோட்டத்தில் மாதர் சங்கத்தின் காசு என்னிடம் ஒரு பால்மா டின்னில் இருந்தது. மாதா மாதம் குறையும். கேட்கக் கூச்சப்பட்டு என் சம்பளத்திலிருந்து எடுத்து நிரப்பி வைத்தேன். ஒரு வருடம் கழித்து அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் போட முடியவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இத்தனை நாளும் குறையாத காசு இப்போது மட்டும் எப்படிக் குறைந்தது?" என்று கேட்டார். அன்று அழுதேன். இன்று யோசித்தால், அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருடைய கண்ணுக்கு டின் எப்போதும் நிறைந்துதான் இருந்திருக்கிறது.

உங்கள் நிலையத்திலும் அதுதான் நடக்கிறது. பணம் தராத எட்டுப் பிள்ளைகளின் வீட்டார் பார்ப்பது என்ன? தராமலே நிலையம் நடக்கிறது, அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் போகிறது, பிள்ளைக்குப் பிஸ்கட் கிடைக்கிறது. அப்படியானால் எங்கிருந்தோ காசு வருகிறது, நிறையவே வருகிறது. டிவி அங்கேதான் பிறந்தது. உங்கள் நல்ல மனதுதான் அந்த வதந்திக்குத் தீனி போடுகிறது. இன்னொன்று: உங்கள் பள்ளம் 4,000 ரூபாய் அல்ல, 9,000 ரூபாய். சம்பளமும் தேநீரும் சேர்த்துச் செலவு 30,000, வரவு 21,000. நீங்கள் நாலு பேரும் கைக்காசு போடுவதால் உங்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

ஒரு பிரிஸ்டல் போர்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். வர வேண்டியது 33,000. வந்தது 21,000. செலவு 30,000. துண்டு விழுந்தது 9,000. அதை ஈடுசெய்தவர்கள் நாலு பேர். ஏழு மாதமாக நீங்கள் போட்ட 28,000 ரூபாய் நன்கொடையா கடனா என்பதைக் கூட்டத்தில் கேட்டு அறிக்கைப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். தராதவர்களின் பெயரை மட்டும் அந்தத் தாளில் எழுதிவிடாதீர்கள். பெயரைச் சுவரில் பார்த்தவர் பணத்தோடு வர மாட்டார், சண்டைக்குத்தான் வருவார். அதற்குப் பிறகு பிள்ளையையும் அனுப்ப மாட்டார். அவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள், இரண்டு பேராக. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கலாம். 4,500 ரூபாய் அங்கே பெரிய தொகை. இன்னொரு வீட்டில் கணவர் கொழும்பில் இருந்து பணம் அனுப்பினால்தான் உண்டு. மழை மாதத்தில் வேலைநாள் குறைந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பதில் தேவை. எப்படியும், அனுப்பிய நாட்களுக்கு மட்டும் தருவோம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பிள்ளை வராத நாளிலும் அந்தப் பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆபிசில் சொல்லிச் சம்பளத்திலேயே பிடித்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தொழிற்சங்கச் சந்தாவும் கோவில் காசும் அப்படித்தானே போகிறது என்பார்கள். வசதிதான். ஆனால் கட்டடமும் தோட்ட நிர்வாகத்துடையது, காசும் அவர்கள் கையால் என்றானால், அதைப் பெற்றோர் நடத்தும் நிலையம் என்று எப்படிச் சொல்வது? சம்பள நாளன்று சாயங்காலம் மேசை போட்டு உட்கார்ந்து, ரசீது எழுதி வாங்குங்கள். அடுத்த நாள் காலையில் வங்கியில் போடுங்கள். கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

அடுத்து முறை வைத்து வருவது. இதில் உங்கள் குழு செய்த முடிவே தவறு என்பது என் எண்ணம். பகல் ஒன்றரைக்குத் தேயிலை மலையை விட்டு இறங்கி வரும் தாய்க்கு அந்திக் கொழுந்து போய்விடும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். ஒரு முறைக்கு அரை நாட்சம்பளத்தைக் கொடு என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிற அந்த மூன்று பேரும் மலைக்குப் போகாதவர்கள் என்று நினைக்கிறேன், சரிதானே? பிள்ளைகளைப் பார்ப்பது சம்பள வேலையாகவே இருக்கட்டும். பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைகள் இருக்கின்றன: பாய் கழுவுவது, கான் வெட்டுவது, கூரைத் தகரத்துக்கு ஆணி அடிப்பது, விறகு. தலைவரைத் தவிர, தகப்பன்மார் என்று ஓர் இனமே உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்களை ஞாயிற்றுக்கிழமை தேடிப் பிடியுங்கள்.

ஆனால் 22 பிள்ளைகளோடு ஒரு பெண் தனியாக இருப்பது கூடாது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மற்ற 21 பேரை யார் பார்ப்பது? பேரப்பிள்ளை நிலையத்துக்கு வருகிற, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி உங்கள் லயத்தில் இல்லாமலா இருப்பார்? அந்தப் பிள்ளைக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கையில் 2,000 ரூபாயும் கொடுங்கள். கட்டணத்தை 1,700 ஆக்குங்கள். கத்துவார்கள், கணக்குச் சுவரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். 22 பேரும் தருவார்கள் என்று கணக்குப் போட வேண்டாம், 17 பேர் என்று போடுங்கள்: 28,900. பெண்ணுக்கு 25,000, பாட்டிக்கு 2,000, மிச்சம் 1,900. அது தேயிலைத்தூளுக்கும் சீனிக்கும் போதும். பிஸ்கட்டை நிறுத்திவிடுங்கள். ரொட்டி வீட்டிலிருந்து வரட்டும், நிலையம் பிளேன்டீ ஊற்றட்டும். 17க்கு மேல் வருவதெல்லாம் வங்கியில் கிடக்கட்டும். தவணை விடுமுறையில் பிள்ளைகள் காலை முதல் இருப்பார்கள், அப்போது தேவைப்படும்.

தண்டம் வேண்டாம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் உரி க்னீசி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஆறு நிலையங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் சிறு தண்டம். பிந்தி வருபவர்கள் குறையவில்லை; ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், தண்டம் வந்ததும் அதை ஒரு கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். தண்டத்தை நீக்கிய பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை. உங்கள் தோட்டத்திலும், "நூறு ரூபாய்தானே, கொடுத்துவிட்டால் போகிறது" என்று சொல்லக்கூடிய இரண்டு பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் அந்த நூறுக்குப் பயந்து பிள்ளையைத் தனியாக நடந்து வரச் சொல்லிவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

பிந்துகிறவர்களில் பாதிப் பேர் தராசினால் பிந்துகிறார்கள். நாலரைக்கு வேலை முடிந்தாலும் கொழுந்து நிறுத்து, மலையின் கோடியான காட்டுத்தொங்கலிலிருந்து நடந்து வர ஐந்து மணி தாண்டும். கொழுந்து பெருகும் மாதங்களில் இன்னும் தாண்டும். ஐந்து என்ற நேரத்தை வைத்தது யார்? ஐந்தே கால் என்று மாற்றி, அதற்குச் சேர்த்து அந்தப் பெண்ணின் சம்பளத்தைப் பேசியிருந்தால் உங்கள் பிரச்சினை பாதியாகும். மீதிப் பேருக்கு ஒன்றைச் சொல்லுங்கள். பண்டாரவளைப் பக்கத்தில் இப்படி ஒரு நிலையத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்திருக்கிறேன். மூன்றாம் தரத்துப் பையன் ஒருவன் நாலரைக்கே புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பாதை திரும்பும் இடத்தில், கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று தெரியும்போதெல்லாம் ஓர் எட்டு முன்னால் வைப்பான், அம்மா இல்லை என்றதும் பின்னால் வைப்பான். அன்று அவனுடைய அம்மா வந்தது ஆறு மணிக்கு, டவுனுக்குப் போய்விட்டு. இதைத் தாயிடம் நேரில் சொன்னால் நூறு ரூபாய்க்கு மேல் வேலை செய்யும்.

பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீங்கள் எழுதவே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர், இரண்டு தொலைபேசி இலக்கம் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். எடுத்துப் போகிறவர் அதில் கையெழுத்திட வேண்டும். தரம் எட்டில் படிக்கும் அக்கா தம்பியைக் கூட்டிப்போகலாமா என்பதைத் தாய் எழுதித் தரட்டும். தவறணை வழியாக வரும் தகப்பன் நிலையாக நிற்க முடியாமல் வந்தால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது, இரண்டாவது பெயருக்கு அழைக்க வேண்டும். அவர் தலைவராக இருந்தாலும்தான். இந்த விதியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசித்துவிட்டால், அன்று மாலை கதவடியில் உங்களிடம் வேலை செய்யும் அந்தச் சின்னப் பெண் தனியாகப் பேச வேண்டியிருக்காது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும், அம்புலன்ஸுக்கான 1990ஐயும் சுவரில் எழுதி வையுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நிலையத்தைப் பற்றி ஒரு கடிதமும் கொடுங்கள்.

கட்டடத்தைத் துரை வாய்ச்சொல்லில் தந்திருந்தால், அடுத்த துரை வாய்ச்சொல்லில் திருப்பி வாங்குவார். எழுத்தில் கேளுங்கள். பின்புறம் மண்மேடு இருந்தால், அதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்தார்களா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மழை நாளில் எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று சொல்ல உங்கள் வரவுக் கொப்பி ஒன்றுதான் இருக்கும்; அது காலையிலேயே நிரப்பப்பட வேண்டும்.

கூட்டத்தைச் சம்பள நாளுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பகல் பத்து மணிக்கு, தண்ணீர் பிடிக்கிற நேரம் முடிந்த பிறகு. ரசீதுப் புத்தகத்தை நீங்கள் கையில் வைத்திருக்காமல் மேசையில் விரித்து வையுங்கள், யார் வேண்டுமானாலும் புரட்டட்டும். கணக்கை நீங்கள் வாசிக்க வேண்டாம். டிவி கதையை யார் அதிகம் சொன்னாரோ அவரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிந்ததும் அடுத்த ஆறு மாதத்துக்குப் பொருளாளர் வேலையையும் அவரிடம் கொடுக்கப் பாருங்கள்.