டோக்கியோவுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள் ஊர் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

வேலை நிமித்தமாக டோக்கியோ அடிக்கடி போய்வருகிறவன் என்பதால், மீட்டிங்குகளுக்கு நடுவே ஊர் பார்ப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கேள்வி: அண்ணா, மீட்டிங் முடிந்து இரண்டு நாள் கூடுதலாகத் தங்க ஆசை. விசாவில் சிக்கல் வருமா?

பதில்: வராது. குறுகிய காலம் தங்க ஜப்பான் தரும் அனுமதியில் வியாபாரச் சந்திப்பு, சுற்றுலா இரண்டுமே அடங்கும். விசா விண்ணப்பத்தோடு நாள்வாரியாகப் பயணத் திட்டம் கொடுப்பீர்கள் இல்லையா, அந்த இரண்டு நாளையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எனக்கு விசாவைவிட இன்சூரன்ஸ்தான் கவலை. கம்பெனி எடுத்துத் தருவது பல சமயம் வேலை நாட்களோடு முடிந்துவிடும். எச்.ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், இல்லை என்றால் அந்த நாட்களுக்குத் தனி பாலிசி. ஹோட்டல் பில்லையும் இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் கூடுதல் நாளெல்லாம் கிடையாது. ஆபீஸ் முடியவே ஆறு மணி ஆகிவிடும். அதற்குமேல் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது, ஆனால் இணையத்தில் சுற்றும் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள், அதில் பாதி அந்த நேரத்தில் மூடியிருக்கும். மெய்ஜி ஆலயத்தைச் சூரியன் மறைந்ததும் சாத்திவிடுவார்கள், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அசகுசாவில் உள்ள சென்சோஜி கோயில் அப்படியில்லை. பிரதான மண்டபம் ஐந்து மணிக்கு மூடும், வளாகத்தில் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், விளக்கு வெளிச்சத்தில் பகலில் இருக்கும் நெரிசலும் இல்லாமல் நன்றாக இருக்கும். உயெனோவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் வெள்ளி, சனியில் இரவு 8 மணி வரை உண்டு. திங்கள்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை. கின்சாவில் கபுகி என்ற பாரம்பரிய ஜப்பானிய நாடகம் நடக்கும் கபுகிசா அரங்கில் முழு நிகழ்ச்சிக்கும் உட்கார நேரமில்லாதவர்களுக்கு ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் தருகிறார்கள், மொழி புரியாவிட்டாலும் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் சென்தோ எனப்படும் பேட்டைக் குளியல் கூடத்துக்குத்தான் முதலிடம். ஆண், பெண் தனித்தனி, உடுப்பு எதுவும் கிடையாது, முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும், அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று தெரிந்துவிடும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடித்த பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. நாள் முழுக்க பிரசன்டேஷன் கொடுத்த உடம்புக்கு இதற்கு ஈடு இல்லை.

கேள்வி: சார், ஒரே ஒரு ஞாயிறு இருக்கிறது. கியோட்டோ போய்வர ஜே.ஆர். ரயில் பாஸ் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து ஏழு நாள் பாஸ் 50,000 யென், கியோட்டோ போய்வர நொசோமி ரயிலில் தனி டிக்கெட் எடுத்தாலே சுமார் 28,000தான். அதோடு ஒரு வழிக்கு இரண்டேகால் மணி நேரம். அவ்வளவு அவசரமாகப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? காமகுரா போங்கள், டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம். 13ஆம் நூற்றாண்டு வெண்கலப் புத்தர், 11 மீட்டருக்கு மேல் உயரம், மேலே இருந்த மண்டபம் புயலிலும் சுனாமியிலும் போனபின் ஐநூறு வருடத்துக்கு மேலாக வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே எனோஷிமா தீவுக்கும் போய்விடலாம். அங்கே இருக்கும் பென்சைதென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். வீணைக்குப் பதில் கையில் பிவா.

கேள்வி: நான் சுத்த சைவம். கிளையன்ட் டின்னருக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

பதில்: கடையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்குத் தர்மசங்கடம், சில நாள் முன்பே மெயிலில் சொல்லிவிடுங்கள். 'கறி, மீன் சாப்பிட மாட்டேன்' என்றால் போதாது. தாஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் செய்வது, மிசோ சூப்பிலும் காய்கறிப் பதார்த்தத்திலும்கூட அது இருக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிக்காதவர் என்றால் ஊலாங் டீ கேளுங்கள், யாரும் வற்புறுத்தினால் சிரித்துவிட்டு அதையே தூக்குங்கள். எல்லோரும் 'கம்பாய்' (நம் ஊர் 'சியர்ஸ்' மாதிரி) சொல்லும்வரை வாய் வைக்கவேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியானால் நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார்.

கேள்வி: கடைசி நாள் பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் தக்யுபின் (பெட்டி அனுப்பும் கூரியர்) என்று சொன்னால் அடுத்த ஹோட்டலுக்கே அனுப்பிவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். விமான நிலையத்துக்கு என்றால் இன்னும் ஒரு நாள் முன்னதாகக் கொடுங்கள்.

கேள்வி: தேதியை நாமே சொல்லலாம் என்றால் எந்த மாதம்?

பதில்: ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம், ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு, இந்த மூன்றும் வேண்டாம், கிளையன்ட் ஆபீஸே பூட்டியிருக்கும். ஜனவரி, மே, செப்டம்பரில் ரியோகோகு அரங்கில் 15 நாள் சுமோ நடக்கும், அதையொட்டித் தேதி கேளுங்கள். பெரிய மல்லர்கள் வருவது பிற்பகல் நாலு மணிவாக்கில், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும், அதனால் ஒரு அரை நாள் லீவை இப்போதே சொல்லி வையுங்கள்.