சால்வைக்கு விலை இரண்டாயிரம், கையில் வந்தது பத்தாயிரம்

சங்கம், அறக்கட்டளை நடத்துகிறவர்களின் கேள்விகளுக்குக் கோத்தகிரி வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

கே: கூடலூரில் ஐந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். சங்கமாகப் பதியலாமா?

ப: 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். மச்சானைப் பெயருக்குச் சேர்க்காதீர்கள், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு அவர்தான் வர வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள்.

கே: கொடைக்கானலுக்கு வந்த ஜெர்மானியர் எங்கள் பள்ளிக்கு ஐயாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார். எங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. ரூபாய்தானே, ரசீது போட்டுவிட்டோம்.

ப: பத்து வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். சட்டம் நோட்டைப் பார்ப்பதில்லை, கொடுத்தவரைப் பார்க்கிறது. வெளிநாட்டவர் இங்கேயே ரூபாயில் தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010 சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி பிரதான கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். உங்களைப் போல ஒருவர் கொண்டுவந்த ரசீதுப் புத்தகத்தில் 'சுற்றுலா நண்பர், பிரான்ஸ்' என்று அழகாக எழுதியிருந்தார். ஆடிட்டர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். ரசீதைக் கிழித்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். ஆடிட்டரோடு வாருங்கள், சில குற்றங்களைப் பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி உண்டு.

கே: லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பினால்?

ப: இந்திய பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான்.

கே: துபாய் மாமா?

ப: பாஸ்போர்ட்.

கே: அப்படியென்றால் ஊட்டியில் நாங்கள் விற்கும் தோடர் பூவேலை சால்வையை வெள்ளைக்காரர் வாங்கினால் அதுவும் குற்றமா? கடையை மூடிவிடலாமே!

ப: கோபம் வேண்டாம், நல்ல கேள்வி. வழக்கமான வியாபாரத்தில் பொருளுக்குத் தரும் விலை நன்கொடை ஆகாது. பில் போடுங்கள்.

கே: இரண்டாயிரத்துக்குப் பில் போட்டோம். பத்தாயிரம் தந்து, மீதி வேண்டாம் என்றார்.

ப: அந்த எட்டாயிரம் விலை இல்லையே. திருப்பிக் கொடுங்கள், அல்லது இன்னும் நாலு சால்வை கொடுங்கள்.

கே: ரொக்கமாக நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் 80ஜி சலுகை உண்டா?

ப: இரண்டாயிரம் ரூபாய் வரை. அதற்கு மேல் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான்.

கே: மலைச்சரிவில் முதியோர் இல்லம் கட்ட அனுமதி?

ப: அது என் துறை இல்லை. பத்திரம் எழுதும் முன்பே ஊராட்சியில் விசாரியுங்கள்.

கே: சிங்கப்பூர் அக்கா...

ப: பாஸ்போர்ட், அம்மா. பாஸ்போர்ட்.