கடற்கரை மணலில் கனிமம்: கேள்வி பதில்

தீபகற்பங்களின் கடற்படிவுகளில் காசு பார்க்கும்படியான கனிமம் உண்டா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சில கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கரையில் கறுப்புக் கோடு தெரிகிறது. இல்மனைட் என்ற டைட்டேனியம் தாதுதானே சார்?

இருக்கலாம். அலை ஏறும்போது எல்லா மணலையும் கொண்டுவருகிறது, இறங்கும்போது லேசானதை மட்டும் இழுத்துப் போகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டும் சிர்க்கோனியத் தாதுவான சிர்க்கானும் 4.7ஐ ஒட்டி. கனமானவை தங்கிவிடும். ஆனால் ஹார்ன்பிளெண்ட் என்ற சாதாரணப் பாறைக் கனிமமும் கறுப்புதான், அதை வாங்க ஆளில்லை. "காந்தத்தில் ஒட்டியதே" என்பவர்களுக்கு: சாதாரணக் காந்தத்தில் துள்ளி ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது, இல்மனைட் அல்ல.

தீபகற்பம் என்பதால் தனி வாய்ப்பு உண்டா?

கரை நீளம், அலைகள் வெவ்வேறு திசையிலிருந்து அடிக்கும், கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டுபோய் முனைகளிலும் வளைவுகளிலும் சேர்க்கும். இதெல்லாம் சாதகம்தான். ஆனால் பின்னால் இருக்கும் பாறை எதைக் கொடுக்கிறதோ அதுதான் கரைக்கு வரும். கேரளத்தின் சவறா, குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணல் வளமாக இருப்பதற்குக் காரணம் உள்நாட்டுச் சார்னோகைட், கோண்டலைட் வகைப் பாறைகள். பின்புலம் வெறும் சுண்ணாம்புக்கல் என்றால் இல்மனைட்டைத் தேடி அலையாதீர்கள். சுண்ணாம்பு மணலையும் சுண்ணாம்புச் சேற்றையும் பாருங்கள்.

முதுகலை மாணவி நான். மேல்மணலில் மாதிரி எடுத்ததில் சராசரி 18 சதவீதம் கனமான கனிமங்கள். இருப்பைக் கணக்கிடலாமா?

வேண்டாம் அம்மா. எந்தப் பருவத்தில் எடுத்தீர்கள்? புயல் ஓய்ந்த மறுநாள் செல்வம் கொழிக்கும் கரை, அமைதிக் காலத்தில் வெள்ளை மணல் மூடிச் சாதாரணக் கரையாகத் தெரியும். அகர் என்ற துளைக்கருவி போட்டு, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழும் இறங்கி, ஆழவாரியாகப் பிரித்து எடுங்கள். களியைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, பிறகு புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் விடுங்கள். அதன் அடர்த்தி 2.89, குவார்ட்ஸ் மிதக்கும், கனமானது அடியில் இறங்கும். நச்சு ஆவி, காற்றுப்போக்கி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. அடியில் இறங்கியதில் எது எவ்வளவு? நுண்ணோக்கியில் எண்ணினால் வருவது மணிகளின் எண்ணிக்கைச் சதவீதம். அதை எடைச் சதவீதமாக மாற்றாமல் அப்படியே எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உங்கள் 18இல் பெரும்பகுதி ஹார்ன்பிளெண்ட் என்றால் ஒன்றுமில்லை. 5 சதவீதமே இருந்து, அதில் சிர்க்கானும், இன்னொரு டைட்டேனியம் தாதுவான ரூட்டைலும் தூக்கலாக இருந்தால் தோண்டிப் பார்க்கலாம்.

மோனசைட் என்ற அருமண் தாது கிடைத்தால் வீட்டில் வைத்திருக்கலாமா?

கூடாது. தோரியம் உண்டு, கதிரியக்கம் உண்டு.

கரையைவிடக் கடலடியில் அதிகம் இருக்குமா?

சில இடங்களில். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கரைகளும் ஆற்றுப் படுகைகளும் இப்போது நீருக்கடியில். நமீபியாவில் வைரமும், இந்தோனேசியாவின் பங்கா, பெலித்துங் தீவுகளைச் சுற்றி வெள்ளீயத் தாதுவும் அப்படித்தான் கடலடியிலிருந்து எடுக்கப்படுகின்றன.

தங்கம்?

அலாஸ்காவின் சூவர்ட் தீபகற்பத்தில், நோம் நகரக் கரைமணலிலேயே 1899இல் கிடைத்தது. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டியதை அலை சலித்துக் கொடுத்தது. அதைப் பார்த்து எல்லாக் கரையிலும் ஆசைப்படக் கூடாது.

நான் மீன்பிடித் தொழிலில் இருப்பவன். கடலடியைத் தோண்டினால் எங்கள் பாடு என்னவாகும் ஐயா?

தோண்டும் இடத்தில் அடித்தள உயிர்கள் போய்விடும்; கிளம்பும் கலங்கல் நீரோட்டத்தோடு தள்ளியும் போய்ப் படியும். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்துக்கு அருகே பாஸ்பேட் மணல் எடுக்கும் திட்டத்துக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இல் அனுமதி மறுத்தது, 2018இல் மறுபடியும் மறுத்தது. அங்கே மீனவர்களும் எதிர்த்தார்கள், கடலாமைகளைப் பற்றிய கவலையும் இருந்தது. உங்கள் பகுதியில் ஆய்வுக் கப்பல் வந்தால், தோண்டுவதற்கு முன்னால் உள்ள மீன்வரத்து, கலங்கல் அளவு, அடித்தள உயிர்க் கணக்கு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு அளந்தால் எதோடு ஒப்பிடுவது?