“அப்பா, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க”

கேள்வி

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் இருக்கிறோம். எனக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஒரே மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், வயது 12. மூன்று வருஷமாகக் கால்பந்து ஆடுகிறாள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் ஊர்ப் பெண். அதனால் மகளை மைதானத்துக்கு அனுப்ப எனக்குத் தயக்கமே இருந்ததில்லை.

மகள் கோல்கீப்பர். தன் வயதுப் பிள்ளைகளோடு ஆடிய வரைக்கும் பிரமாதமாக ஆடினாள். ஜூன் மாதம் 15 வயதுக்குட்பட்டோர் அணியின் கீப்பர் பத்தாம் வகுப்பு என்று சொல்லி நின்றுவிட்டாள். அந்த இடத்தில் பயிற்சியாளர் என் மகளைப் போட்டார். “பெரிய பிள்ளைங்களோட ஆடினாத்தான் சார் தேறுவா” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்து மேட்ச் முடிந்துவிட்டது. வாங்கிய கோல்கள் 4, 3, 6, 2. போன வாரம் புதுச்சேரி உப்பளத்தில் 7. அந்த ஏழில் மூன்று, தலைக்கு மேலே போய் விழுந்தவை. அவள் உயரம் 4 அடி 9 அங்குலம். குதித்துப் பார்த்தாள், எட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கிளவுஸைக் கழற்றவே இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டு வரும் வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். டிக்கெட்டைக் கூட என்னைத்தான் பிடிக்கச் சொன்னாள்.

இப்போதெல்லாம் மேட்ச் அன்று காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். மூன்று வாரமாக வலது மணிக்கட்டிலும் வலி. “நிறுத்திடலாமா?” என்று கேட்டால் அழுகிறாள். கூட ஆடும் பிள்ளைகள் நல்லவர்கள், ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் உப்பளத்தில் ஒரு பெண், “வாயைத் தொறந்து கத்துடி!” என்று திட்டிவிட்டாள்.

நான் எப்போதும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று “முன்னாடி வா, இடது பக்கம் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு இடைவேளையில் பக்கத்தில் வந்து, “அப்பா, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றாள். மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

இத்தாலி கோல்கீப்பர் டோன்னரும்மா 16 வயதிலேயே ஏசி மிலான் கிளப்புக்கு ஆடினார் என்று பயிற்சியாளர் உதாரணம் சொல்கிறார். மனைவியோ போதும் நிறுத்துங்கள் என்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

– ஒரு தந்தை, கடலூர்

பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

பஸ்ஸில் கிளவுஸைக் கழற்றாமல் வந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்டமே வேண்டாம் என்று நினைக்கிற குழந்தை முதலில் அதைத்தான் கழற்றி எறியும். உங்கள் மகள் எறியவில்லை. நிறுத்தலாமா என்றால் அழுகிறாள். அவளுக்கு ஆடவேண்டும், இப்போது ஆடுகிற மாதிரி ஆட முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் உடனே நிறுத்துங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன், இப்படியே போகட்டும் என்றும் சொல்லமாட்டேன்.

தலைக்கு மேலே போன அந்த மூன்று கோல்களைப் பார்ப்போம். பெரியவர்கள் ஆடும் கோல் போஸ்ட்டின் உயரம் 8 அடி, அகலம் 24 அடி. 4 அடி 9 அங்குலப் பெண் கையைத் தூக்கினால் ஏறக்குறைய 6 அடி எட்டும். நன்றாகக் குதித்தால் இன்னும் ஓர் அடி. அப்போதும் மேலே ஓர் அடி காலியாகத்தான் கிடக்கும். அது அவள் தப்பு இல்லை. இதை யாராவது அவளிடம் இந்தக் கணக்கோடு சொன்னார்களா? “பரவாயில்லம்மா, விடு” என்பது வேறு. “அது உனக்கு எட்டாத பந்து, உயரம் வந்தால் எட்டும்” என்பது வேறு. முதல் பேச்சு ஆறுதல்தான், அவள் தப்பு செய்ததை மன்னிப்பது போலவே காதில் விழும். இரண்டாவதில் மன்னிக்க ஒன்றுமே இல்லை. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், போஸ்ட்டையும் அவள் கை எட்டும் உயரத்தையும் அவளையே அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, கத்தச் சொல்லித் திட்டிய விஷயம். கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கீப்பருக்குப் பாதி வேலை வாயில்தான். முன்னால் நிற்பவர்களை நகர்த்த வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், பந்து தனக்கு வேண்டுமென்றால் உரக்கக் கேட்க வேண்டும். தன் வயதுப் பிள்ளைகளிடம் “விடுடி, என் பால்!” என்று கத்தியிருப்பாள். இப்போது முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் அக்காக்கள். அக்காவை ‘போ, வா’ என்று சொல்லக்கூடாது என்று நாம்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம்! “அக்கா, கொஞ்சம் விடுங்க” என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும். அவள் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். வீட்டில் படித்த மரியாதை தொண்டையில் நிற்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்து, மைதானத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாலைந்து சொற்களை முடிவு செய்யட்டும். ‘கீப்பர்’ என்றால் பந்து எனக்கு. ‘அடி’ என்றால் யோசிக்காமல் வெளியே அடி. ‘ஏறு’ என்றால் முன்னால் போ, ‘இறங்கு’ என்றால் பின்னால் வா. அதில் அக்காவும் வேண்டாம், ‘ங்க’வும் வேண்டாம். முக்கியமாக, கேப்டன் தன் வாயாலேயே “நீ என்னை அப்படிக் கத்தினாத்தான் எனக்கு உதவி” என்று அவளிடம் சொல்ல வேண்டும். நீங்கள் நூறு தடவை சொன்னாலும் வராத தைரியம் அந்த ஒரு வார்த்தையில் வரும். அப்புறம், ‘பாப்பா’ என்று கூப்பிடுவது மைதானத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது உங்களைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து மேட்ச்சிலும் எத்தனை கோல் வாங்கினாள் என்பது உங்களுக்கு மனப்பாடம். எத்தனை பந்தைத் தடுத்தாள் என்று ஓர் எண்கூடக் கடிதத்தில் இல்லை. உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவலை கணக்கெடுக்கும்போது இப்படித்தான் எடுக்கும். ஆனால் அவளும் அதே கணக்கைத்தான் மனசில் வைத்திருப்பாள். முன்னால் அக்காக்கள், பின்னால் அப்பா, நடுவில் அவள். முன்னால் இருந்து வரும் பந்தைப் பார்ப்பாளா, முதுகுக்குப் பின்னால் வரும் குரலைக் கேட்பாளா? “அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றாளே, அதில் உங்களை ஒதுக்கியது எதுவும் இல்லை. வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவில்லையே. எதிர்ப்பக்கத்தில் நின்றால் தலையைத் தூக்கினாலே உங்கள் முகம் தெரியும். தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு 12 வயதுக் குழந்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவள் சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள்.

டோன்னரும்மா விஷயம். அவர் 2015இல் 16 வயதில் மிலானுக்கு ஆடத் தொடங்கியது உண்மை. அப்போதே ஆறடியைத் தாண்டியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 வயதுக் குழந்தைக்கு அந்த உதாரணம் பொருந்தாது. அதே இத்தாலியின் பஃபோன் சின்ன வயதில் நடுக்கள ஆட்டக்காரர், பிறகுதான் கோலுக்கு வந்தார். 1995இல், 17 வயதில், பார்மா அணிக்கு ஆடத் தொடங்கியவர் ஓய்வு பெற்றது 2023இல், 45 வயதில். கீப்பர்களுக்கு ஆட்ட வாழ்க்கை நீளமானது. ஏழாம் வகுப்பில் அவசரப்பட ஒன்றுமே இல்லை.

பெரியவர்களோடு ஆடுவதே கெடுதல் என்று சொல்லவில்லை. வேகமான பந்தைப் பார்க்கப் பார்க்கக் கண்ணும் காலும் சுறுசுறுப்பாகும், எங்கே நிற்பது என்ற அறிவு வரும். ஆனால் தான் நன்றாக ஆடுகிறோம் என்று ஒரு குழந்தைக்கு அடிக்கடி தோன்ற வேண்டும். அந்த உணர்வு தன் வயது அணியில்தான் கிடைக்கும். பழைய அணியை முழுக்க விட்டுவிட்டாள் போலிருக்கிறது. பயிற்சியாளரிடம் இப்படிக் கேளுங்கள்: பயிற்சி சீனியர்களோடு இருக்கட்டும், மேட்ச் பெரும்பாலும் தன் வயது அணிக்கு ஆடட்டும், சீனியர் மேட்ச்சில் சில நேரம் பாதி ஆட்டம் மட்டும் நிற்கட்டும், அந்த அணிக்கு இன்னொரு கீப்பரையும் தயார் செய்யுங்கள். மாற்று ஆள் இல்லாததால்தான் இவள் அங்கே நிற்கிறாள் என்றால், அந்தச் சுமையைக் குழந்தையின் தலையில் வைக்கக்கூடாது. இதை நீங்கள் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லலாம். மகளிடமும், “கீழே இறக்கிவிட்டார்கள்” என்று அவள் நினைப்பதற்கு முன்பே விவரம் சொல்லிவிடுங்கள்.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு ஒரு மாதம் பாருங்கள். மேட்ச் காலை வயிற்று வலி பெரும்பாலும் பதற்றம்தான். குறையவில்லை என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, அவளை நேரில் அழைத்து வாருங்கள்.

மணிக்கட்டு வலிக்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். 12 வயது வரை வழக்கமாக ஆடுவது நாலாம் நம்பர் பந்து, 350 முதல் 390 கிராம். பெரியவர்களின் ஐந்தாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம், அதுவும் 15 வயதுப் பெண்ணின் காலிலிருந்து வருகிறது. இந்த வயதில் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற இளசான பகுதி இருக்கும். விரித்த கையில் பந்து வேகமாக மோதினால் அங்கே அடிபடலாம். வெளியே பார்த்தால் வெறும் சுளுக்கு மாதிரிதான் தெரியும். தைலம் தேய்த்து விட்டுவிடாமல் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை கிளவுஸ் பையிலேயே இருக்கட்டும்.